லேசான தடியடி

எங்கள் பத்திரிகையில் மழை எப்போதும் பலத்த மழைதான். தீ என்றால் பயங்கரத் தீ. விபத்து என்றால் கோர விபத்து. அமைச்சர் எந்த ஊரில் இறங்கினாலும் அவருக்கு உற்சாக வரவேற்பு. தடியடி மட்டும் லேசான தடியடி. நான் நிருபராக இருந்த வருடங்களில் தாம்பரம் வட்டாரத்தில் பலத்த தடியடி என்று ஒன்று நடந்ததே இல்லை. நடந்திருந்தால் நான்தான் எழுதியிருப்பேன்.

நிருபர் என்றதும் பெரிதாக எதையும் எண்ணிக்கொள்ள வேண்டாம். தாம்பரம் மேற்கில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து மாடி ஒன்றில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வைத்திருந்தேன். கூடவே ஒரு ஜெராக்ஸ் மெஷின், ஒரு ஃபேக்ஸ். பத்திரிகை ஏஜெண்ட் ஒருவர் ஏதோ ஜெராக்ஸ் எடுக்க வந்தவர், ஃபேக்ஸைப் பார்த்துவிட்டு, "இது இருக்கும்போது நீங்களே நியூஸ் அனுப்பலாமே சார்" என்றார். அடுத்த வாரம் பகுதி நேர நிருபர் என்று அட்டை வந்தது. என் எழுத்துத் திறமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. ஃபேக்ஸ் நன்றாக வேலை செய்கிறதா என்று மட்டும் கேட்டார்கள்.

வேலை கஷ்டமே இல்லை. சாலை மறியல் செய்திக்கு ஒரு வாய்ப்பாடு இருந்தது. குடிநீர் கேட்டு, அல்லது சுடுகாட்டுக்குப் பாதை கேட்டு, அல்லது மதுக்கடையை அகற்றச் சொல்லி, பொதுமக்கள் திடீர் சாலை மறியலில் ஈடுபட்டனர். தகவல் அறிந்து போலீசார் விரைந்து வந்து பேச்சுவார்த்தை நடத்தினர். உடன்பாடு ஏற்படாததால் லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர். இதனால் அப்பகுதியில் சிறிது நேரம் பரபரப்பு நிலவியது. ஊர் பேரையும் காரணத்தையும் மாற்றினால் செய்தி தயார். கண்ணை மூடிக்கொண்டு டைப் அடிக்கலாம். நான் அப்படித்தான் அடித்தேன்.

ஒரே ஒரு தடவை, அவசரத்தில் 'லேசான' என்ற சொல்லை விட்டுவிட்டேன். மறுநாள் பேப்பரில் அது இருந்தது. தலைமை அலுவலகத்துக்குப் போன் செய்து, நான் எழுதாத சொல் எப்படி வந்தது என்று கேட்டேன். "ஃபேக்ஸ்ல விழலையோன்னு நினைச்சு நாங்களே போட்டுட்டோம் சார்" என்றார் உதவி ஆசிரியர். நன்றி சொல்லிவிட்டு வைத்தேன்.

இதெல்லாம் எனக்கு உறுத்தவே இல்லை. ஏனென்றால் எங்கள் வீட்டிலும் எங்கள் குடியிருப்பிலும் போலீஸ் அடிப்பதைப் பற்றி இரண்டு கருத்து இருந்ததில்லை. கோவிலம்பாக்கத்தில் எட்டு வீடு கொண்ட ஒரு குடியிருப்பில் இருந்தோம். எங்கள் தலைக்கு மேல் வீட்டில் பேங்க்கிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர். குடியிருப்புச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். ஒரு நாள் டிவியில், பஸ் கண்ணாடியை உடைத்த காலேஜ் மாணவர்களைப் போலீஸ் விரட்டி விரட்டி அடிப்பதைக் காட்டினார்கள். அவர் வீட்டு கேபிள் வேலை செய்யவில்லை என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான்" என்றார். நான், "இன்னும் நாலு போடணும் சார்" என்றேன். என் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "பஸ் கண்ணாடி என்ன பாவம் பண்ணுச்சு அவங்களுக்கு?" என்றாள். அவள் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். அவளுடைய கைப்பையில் எப்போதும் ஒரு மர ஸ்கேல் இருக்கும். அது கோடு போடுவதற்கு மட்டும் இல்லை.

டீக்கடையிலும் இதே பேச்சுதான். யாராவது அடி வாங்கினான் என்றால், "போலீஸ்காரன் சும்மாவா அடிப்பான்? இவன் ஏதாவது பண்ணியிருப்பான்" என்பார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். எங்களை மாதிரி ஆட்களைப் போலீஸ் அடிக்காது என்று ஒரு நம்பிக்கை. அட்டை இருக்கிறது, அயர்ன் பண்ணின சட்டை இருக்கிறது, ஸ்டேஷனுக்குப் போனால் உட்காரச் சொல்கிறார்கள். வேறென்ன வேண்டும்?

அப்புறம் தண்ணீர் இல்லாத அந்த வருடம் வந்தது. இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னையில் குடியிருந்த யாருக்கும் எந்த வருடம் என்று சொல்லத் தேவையில்லை. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் அப்போதும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அதை லாரி லாரியாக இறைத்து நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். எங்கள் தெருக்குழாயில் எப்போதாவது காற்று வரும். லாரி மட்டும் எங்கள் வாசல் வழியாகத் தண்ணீரைச் சிந்திக்கொண்டே போகும். அந்த ஈரத்தைத் தினமும் பார்ப்பதுதான் பெண்களுக்குத் தாங்கவில்லை.

லாரியை மறிப்பது என்று அவர்களாகவே முடிவு செய்தார்கள். தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருந்த அக்காதான் முன்னால் நின்றது. மனு எழுத ஆள் வேண்டும் என்று என் மனைவியிடம் வந்திருக்கிறார்கள். அவள் கையெழுத்து அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். பள்ளிக்கூடத்தில் சான்றிதழ்களுக்கெல்லாம் அவளைத்தான் எழுதச் சொல்வார்கள். மனுவை எழுதி, முதல் கையெழுத்தையும் அவளே போட்டிருக்கிறாள். இதில் எதையும் என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் வேண்டாம் என்பேன் என்று அவளுக்குத் தெரியும். பள்ளிக்கூடம் லீவு என்பதால் ரேஷன் கடைக்குப் போவதாகச் சொன்னாள். நான் படப்பையில் ஒரு மரக்கன்று நடும் விழாவுக்குக் கிளம்பினேன். நட்ட கன்றுகளுக்கு ஊற்றத் தண்ணீர் வரவில்லை. வி.ஐ.பி.க்குக் கொடுத்த பாட்டில் தண்ணீரை ஊற்றிப் போட்டோ எடுத்தார்கள்.

விழா முடிந்து மொபெட்டை எடுக்கும்போது எங்கள் பகுதி எஸ்.ஐ. செல்லில் கூப்பிட்டார். நல்ல மனிதர். எந்தத் தகவலையும் எனக்கு முதலில் சொல்லிவிடுவார்.

"சார், உங்க ஏரியாலதான். லாரிய மறிச்சாங்க. கிளியர் பண்ணிட்டோம்."

"எத்தனை பேர் சார்?"

"நாப்பது அம்பது பேரு. பூரா லேடீஸ்."

"தடியடி?"

"லேசாத்தான் சார்."

"காயம்?"

"ரெண்டு மூணு பேர் கீழ விழுந்துட்டாங்க. ஓடுறப்ப அவங்களா விழுந்தது."

நேரே இன்ஸ்டிட்யூட்டுக்கு வந்து செய்தியை அடித்தேன். வாய்ப்பாட்டில் இல்லாத ஒரு வரியைப் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது: கீழே விழுந்த பெண்கள் சிலருக்கு லேசான காயம் ஏற்பட்டது. ஒரே செய்தியில் 'லேசான' இரண்டு தடவை வருகிறதே என்று கொஞ்சம் யோசித்தேன். ஒன்றைச் 'சிறிய' என்று மாற்றிப் பார்த்தேன். நன்றாக இல்லை. பழையபடியே அனுப்பிவிட்டு, கீழே போய் டீ குடித்தேன். அந்த இரண்டாவது 'லேசான' என் மனைவியின் வலது மணிக்கட்டு.

வீட்டுக்கு வந்தபோது கதவு பூட்டியிருந்தது. மேல் வீட்டுக்காரர் படியில் நின்றுகொண்டிருந்தார். "உங்க மிஸஸை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருக்காங்க. போலீஸ் அடிச்சிடுச்சாம்" என்றார். நான் மொபெட்டைத் திருப்பும்போது, குரலைத் தாழ்த்தி, "அப்படி என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் அதையேதான் கேட்டிருப்பேன்.

அரசு மருத்துவமனையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வலது கை மடியில் கிடந்தது. அது கை மாதிரியே இல்லை, வீங்கிக் கறுத்துப்போயிருந்தது. அழவில்லை. பக்கத்தில் இட்லிக்கடை அக்கா. புடவைத் தலைப்பை நனைத்துக் கையில் ஒத்திக்கொண்டிருந்தது.

"பேப்பரைக் காட்டிகினு நின்னாங்க சார். இந்தா மனு, இந்தா மனுன்னு கைய தூக்கிக் காட்டினாங்க. அதுமேலயே வுட்டான் ஒருத்தன்" என்றது அக்கா.

டாக்டர் எப்படி ஆச்சு என்று கேட்டபோது, கூட வந்திருந்த கான்ஸ்டபிள், "விழுந்துட்டாங்க சார்" என்றார். என் மனைவி, "அடிச்சாங்க" என்றாள். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்தார். கையில் அடிபட்டு வந்தார் என்று எழுதினார். தமிழில் இந்த ஒரு வசதி இருக்கிறது. அடிபட்டது என்று சொல்லிவிட்டால் யாரும் அடித்திருக்க வேண்டியதில்லை. எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டார்கள்.

அப்போது மணி ஆறுகூட ஆகவில்லை. பேப்பர் அச்சுக்குப் போக நிறைய நேரம் இருந்தது. ஆஸ்பத்திரி வாசலில் நின்று செல்லை எடுத்தேன். அலுவலகத்து நம்பரை எடுத்தும் விட்டேன். கூப்பிட்டு என்ன சொல்வது? 'லேசான' என்பதை எடுங்கள் என்றால், ஏன் என்பார்கள். என் மனைவியும் அங்கே இருந்தாள் என்றால், நிருபர் பெண்டாட்டி மறியலுக்குப் போனாளா என்பார்கள். எஸ்.ஐ. அப்புறம் எனக்கு எந்தத் தகவலும் சொல்ல மாட்டார். இப்படி ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே நின்று, கடைசியில் செல்லைப் பையில் போட்டுக்கொண்டேன். பயம்தான். வேறு பெயர் வைக்க இத்தனை வருடமாக முயன்றும் கிடைக்கவில்லை.

மறுநாள் காலை பேப்பர் வந்தது. ஐந்தாம் பக்கம், ஒற்றைப் பத்தி. அவள் இடது கையால் பேப்பரை மேசையில் விரித்து வைத்துப் படித்தாள். கணக்கு நோட்டுத் திருத்தும்போது படிக்கிற மாதிரி, வரி வரியாக.

"இது நீங்க அனுப்பினதா?"

"ஆமா."

"லேசானன்னா எவ்வளவு?"

"அதுக்கெல்லாம் அளவு கிடையாது. அப்படித்தான் எழுதுறது வழக்கம்."

"அளவு தெரியாததை எப்படி எழுதினீங்க?"

நான் மொபெட் சாவியைத் தேடினேன்.

"நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல."

"நான் இருந்தேன்" என்றாள். பேப்பரை மடித்து, பழைய பேப்பர் கட்டில் வைத்தாள்.

நான்கு நாள் கழித்து எஸ்.ஐ. வீட்டுக்கே வந்தார். ஆப்பிள் வாங்கி வந்திருந்தார். "சிஸ்டர் அங்க இருக்காங்கன்னு தெரியாம போச்சு சார். தெரிஞ்சிருந்தா ஓரமா உக்கார வச்சிருப்போம். நம்ம பசங்க விடியக்காலைலருந்து பந்தோபஸ்துல நின்னவனுங்க. ஒரு வாய் டீ குடிக்கல. அவனுங்களும் மனுஷங்கதானே" என்றார். பொய்யில்லை. அந்தக் கான்ஸ்டபிள்கள் நிற்கிற நிலையை நான் பார்த்திருக்கிறேன். என் மனைவி அவருக்குக் காபி வைத்துவிட்டு, "இட்லிக்கடை அக்காவை எங்க உக்கார வச்சிருப்பீங்க சார்?" என்று கேட்டாள். அவர் காபி நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

போகும்போது வாசலில் வைத்துத்தான் விஷயத்தைச் சொன்னார். பதினோரு பேர்மேல் வழக்குப் பதிவாகியிருந்தது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்தது, போக்குவரத்துக்கு இடையூறு செய்தது, இன்னும் என்னென்னவோ. பட்டியலில் முதல் பெயர் என் மனைவியுடையது. மனுவில் முதல் கையெழுத்து அவளுடையது, அதுவும் யாருக்கும் தெளிவாகப் படிக்கிற மாதிரி இருந்தது, அதனால்தான் என்றார்.

இதில் என்ன வந்தது என்றால், அவள் அந்தப் பள்ளியில் ஏழு வருடமாகத் தற்காலிகம். அந்த வருடம்தான் ஒரு நிரந்தர இடம் காலியாகி, அவள் பெயரை மேலே அனுப்ப இருந்தார்கள். தாளாளர் கூப்பிட்டனுப்பினார். நல்ல மாதிரியாகத்தான் பேசினாராம். "கேஸ் ஒண்ணு நிலுவையில இருக்கும்போது எப்படிம்மா ஃபைலை அனுப்புறது? அது முடியட்டும். இல்லேன்னா இந்த இடம் அடுத்தவங்களுக்குப் போயிடும். எனக்கே வருத்தமாத்தான் இருக்கு" என்றிருக்கிறார். ஜூனுக்குள் வழக்கு முடிய வேண்டும். முடியாவிட்டால் இந்த ஏழு வருடமும் போச்சு.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அவளுக்காக ஜெபித்தார்கள். "விபத்தில் சிக்கிய எங்கள் சகோதரிக்காக" என்று பாஸ்டர் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். அவள் மூடவில்லை என்று அப்புறம் சொன்னாள்.

இட்லிக்கடை அக்கா என்னைச் சும்மா விடவில்லை. ஒரு காலையில் பொட்டலம் வாங்கப் போனபோது, நாலு பேர் முன்னால் கேட்டது. "இன்னா சார், பேப்பர்ல லேசான்னு போட்டுகீறியாமே? எனக்குப் படிக்க வராது. எம் பொண்ணு படிச்சுச் சொல்லிச்சு. என் முதுவைக் காட்டுறேன், வந்து பாத்துட்டு எழுது." சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் கொஞ்ச நாள் வேறு கடையில் இட்லி வாங்கினேன்.

கட்டோடு பள்ளிக்கூடம் போன முதல் நாள், ஆறாம் வகுப்பில் ஒரு பெண் எழுந்து அவளைக் கேட்டிருக்கிறாள்: "டீச்சர், நீங்க என்ன தப்பு பண்ணீங்க?" கிண்டல் எதுவும் இல்லை. அடி விழுந்தால் தப்புப் பண்ணியிருக்க வேண்டும், அந்த வகுப்பில் அதுதான் விதி, அதைச் சொல்லிக்கொடுத்ததே இவள்தான். வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு முதல் தடவையாக அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தோளில் கை வைத்தால் தட்டிவிடுவாளோ என்று வைக்கவில்லை.

அதற்குள் எதிர்க்கட்சிக்காரர்கள் கொஞ்சம் சத்தம் போட்டதில், வருவாய்த்துறையிலிருந்து ஓர் அதிகாரி விசாரிப்பார் என்று அறிவித்தார்கள். தடியடி தேவையா, அளவு மீறியதா என்று அவர் அறிக்கை கொடுக்க வேண்டும். எனக்கும் நோட்டீஸ் வந்தது. ஏன் என்று புரியவில்லை. எஸ்.ஐ.தான் விளக்கினார். "ஒண்ணுமில்ல சார். உங்க நியூஸை நாங்க ஃபைல்ல வச்சிருக்கோம். லேசான தடியடிதான்னு பேப்பரே எழுதியிருக்குன்னு. நீங்க வந்து, ஆமா நான் எழுதினதுதான்னு சொன்னா போதும்."

அவர் போனில் சொல்லி, நான் டைப் அடித்து, பேப்பரில் வந்து, கத்தரிக்கப்பட்டு, மறுபடி அவரிடமே சாட்சியாகப் போய்ச் சேர்ந்திருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

என் மனைவியிடம் சொன்னேன். "நீங்க வந்து ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. நான் அங்க இல்லைன்னு சொல்லுங்க. வேற எதுவும் வேண்டாம்" என்றாள். பத்திரிகை அலுவலகத்தில் கேட்டபோது, போகாமல் இருந்துவிடுங்கள் என்றார்கள். நிருபர் சம்பவ இடத்தில் இல்லை என்று தெரிந்தால் பேப்பர் மானம் போகுமாம். எனக்கு அந்த அட்டை பிடித்திருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தால் டிராபிக் போலீஸ்கூட வணக்கம் சொல்வார். அந்தச் சின்ன வணக்கத்துக்காக நான் எவ்வளவு தூரம் போவேன் என்று அந்த வாரத்தில்தான் எனக்கே தெரிந்தது. போகவேண்டாம் என்று மூன்று தடவை முடிவு செய்தேன். அவள் என்னிடம் திரும்ப ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதனால்தான் போனேன்.

விசாரணை ஒரு அரசு அலுவலகத்தின் மாடியில். மறியலில் இருந்த பெண்கள் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி வயதானவர், மரியாதையாகப் பேசினார். ஃபைலைத் திறந்தார். முதல் பக்கத்தில் என் ஒற்றைப் பத்திச் செய்தி, வெள்ளைத்தாளில் ஒட்டி, நான்கு பக்கமும் சிவப்பு மையில் கோடு போட்டு வைத்திருந்தார்கள். என் எழுத்துக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் இல்லை.

"நீங்க எழுதினதுதானே?"

"நான் எழுதினதுதான் சார். ஆனா நான் அங்க இல்ல."

"அப்படின்னா?"

"படப்பையில இருந்தேன். போன்ல சொன்னதைக் கேட்டு எழுதினேன். லேசாவா பலமாவான்னு எனக்குத் தெரியாது."

எஸ்.ஐ. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி என்னைப் பார்த்தாள். பல வாரத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அட்டை போனால் போகட்டும் என்று அந்த நிமிடம் நிஜமாகவே தோன்றியது.

அதிகாரி பேனாவை மூடினார். "சம்பவ இடத்துல இல்லாதவர் எப்படி சார் சாட்சி சொல்ல முடியும்? உங்க வாக்குமூலம் தேவையில்லை. எழுந்துக்கங்க."

"அப்ப அந்த நியூஸை எடுத்துடுவீங்களா சார்?"

"அதை எப்படி எடுக்கறது? அது பேப்பர்ல வந்தது. ஆவணம்" என்று ஃபைலை அடுத்த பக்கம் புரட்டினார்.

நான் எழுந்தேன். அப்போதுதான் அவர், அன்றைக்கு அலுவலக டைப்பிஸ்ட் லீவு என்றும், காலையிலிருந்து கையால் எழுதி எழுதிக் குமாஸ்தாவுக்கு விரல் ஓய்ந்துவிட்டது என்றும் சொன்னார். "நீங்க இன்ஸ்டிட்யூட் வச்சிருக்கீங்களாமே? உங்க வீட்டம்மா வாக்குமூலம் ஒண்ணுதான் பாக்கி. நீங்களே அடிச்சுக் குடுத்துடுங்களேன்." மூலையில் பழைய மெஷின் ஒன்று, தாள் செருகியபடி காத்திருந்தது. மறுக்கத் தோன்றவில்லை. போய் உட்கார்ந்தேன்.

என் மனைவி பேசினாள். எங்கே நின்றாள், யார் எதிரே இருந்தது, எச்சரிக்கை என்று யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, மனுவைத் தூக்கிக் காட்டினாள், முதல் அடி எங்கே, இரண்டாவது எங்கே. கணக்குப் போடுகிற மாதிரி, ஒரு படிகூட விடாமல் சொன்னாள். அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டே முழுதும் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பி, மூன்று வரி சொன்னார். அதில் இரண்டாவது வரி, போலீசார் லேசான தடியடி நடத்தியபோது எதிர்பாராதவிதமாக எனது கையில் அடிபட்டது என்பது.

என் விரல் நின்றுவிட்டது.

"அவ அப்படிச் சொல்லலையே சார்."

எஸ்.ஐ. அருகில் வந்தார். குரலில் மிரட்டல் எதுவும் இல்லை, உண்மையான அக்கறைதான் இருந்தது. "சார், மத்த பத்து பேரும் இதே வாசகத்துலதான் கையெழுத்துப் போட்டிருக்காங்க. இவங்களும் போட்டுட்டா கேஸை மேற்கொண்டு எடுக்காம இத்தோட முடிச்சுடறோம்னு பேசியாச்சு. மேடம் வேலை விஷயமும் எனக்குத் தெரியும். நல்லதுக்குத்தான் சொல்றேன்."

வராந்தாவிலிருந்து இட்லிக்கடை அக்கா எட்டிப் பார்த்தது. "போட்டுடு டீச்சரம்மா. கோர்ட்டுக்கு அலைஞ்சிகினு இருந்தா கடைய யாரு பாக்கறது? நாங்க எல்லாம் போட்டுட்டோம்" என்றது. அதன் முகத்தில் கோபம், வெட்கம், அலுப்பு எல்லாம் இருந்தது. என்னை மட்டும் அது பார்க்கவில்லை.

என் மனைவி வராந்தாவில் இருந்த பெண்களைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடிங்க" என்றாள்.

"வேண்டாம்மா."

"அடிங்கங்க. நேரமாகுது."

அடித்தேன். மூன்று காப்பி வேண்டும் என்று கார்பன் வைத்திருந்தார்கள். அழுத்தி அடிக்கவில்லை என்றால் கடைசிக் காப்பியில் எழுத்து விழாது. அழுத்தித்தான் அடித்தேன்.

தாளை உருவிக் கொடுத்தேன். அவள் பேனாவை வாங்கினாள். கட்டுப் பிரித்து மூன்று வாரம் ஆகியும் மணிக்கட்டு மடங்கவில்லை. மூன்று விரலால் பேனாவைப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கோழி கிளறின மாதிரி வந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். ஃபைலில் இருந்த மனுவை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மனுவில் இருந்தது அச்சில் வார்த்த பழைய கையெழுத்து.

"ரெண்டும் ஒத்துப் போகலையேம்மா. நாளைக்கு ஆடிட்ல யாராவது கேட்டா சிக்கல். எதுக்கும் ரேகையும் வச்சிடுங்க."

இங்க் பேடை நகர்த்தினார். எம்.எஸ்சி., பி.எட். படித்தவள் இடது கைப் பெருவிரலை அதில் அழுத்தி, மூன்று காப்பியிலும் வைத்தாள். குமாஸ்தா ரேகைக்குக் கீழே சாட்சி என்று எழுதி ஒரு கோடு போட்டார்.

"ரேகைன்னா சாட்சி வேணும்" என்றார் அதிகாரி. "நீங்கதான் பக்கத்துல இருந்து பாத்தீங்களே. போடுங்க சார்."

போட்டேன். மூன்று இடத்தில். என் கையெழுத்து நன்றாகவே வந்தது.

அவள் விரலைத் துடைக்க எதையாவது தேடினாள். நான் கைக்குட்டையை நீட்டினேன். அவள் அதை வாங்கவில்லை. கதவுக்குப் பக்கத்துச் சுவரில், அவளுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் துடைத்து நீலமாகிப்போயிருந்த இடத்தில், விரலைத் தேய்த்துவிட்டு வெளியே போனாள்.